நூறு ரூபா ஷேரா, நூத்தித் தொண்ணூறா? கோர்ட்டுக்குப் போற கணக்குகளின் கதை

மணவூர்ல இருந்து பேசுறேன். சென்னை - அரக்கோணம் லைன் பக்கத்துலயே போகுது, அதனால ஆடியோவுல அப்பப்ப ரயில் சத்தம் வரும். எழுத்துல படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

இன்னைக்கு டாபிக் கணக்கு. ஸ்கூல் கணக்கு இல்ல, கோர்ட்டுக்குப் போற கணக்கு. ரெண்டு நண்பர்கள் சேர்ந்து ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சுப் பிரியுறாங்க. அண்ணன் தம்பி ரைஸ் மில்லுல பங்கு பிரிக்கிறாங்க. பெரிய குடும்பக் கம்பெனியில ஒரு கிளை மட்டும் வெளிய வர நினைக்குது. ஆரம்பத்துல துரோகம், மரியாதை, சொந்தம் அப்படின்னு என்னென்னமோ பேசுவாங்க. வழக்குன்னு வந்ததும் எல்லாம் ரெண்டு கேள்வியில வந்து நிக்கும். இந்தக் கணக்குப் புத்தகத்துல எழுதியிருக்கிறது உண்மையா? இந்தத் தொழில் எவ்வளவு பெறும்?

முதல் கேள்வியைத் தோண்டுறவங்களை ஃபாரன்சிக் அக்கவுன்டன்ட்னு சொல்றோம். ரெண்டாவது கேள்விக்கு நம்பர் போடுறவங்க வேல்யூயர், அதாவது மதிப்பீட்டாளர். நான் சி.ஏ. இல்ல, வக்கீலும் இல்ல. லாக் ஃபைலைப் படிச்சு, எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு. ஆனா கொஞ்ச நாளா சில தீர்ப்புகளைப் படிச்சதுல, இவங்க வேலையும் நம்ம டீபக்கிங்கும் பக்கத்துப் பக்கத்து வீடுன்னு தோணுச்சு.

முதல்ல நீலகிரிக்குப் போவோம். ஊட்டி மலை ரயில்ல போயிருந்தா கேத்தின்னு ஒரு ஸ்டேஷன் பார்த்திருப்பீங்க. அந்த ஊர்ல ஒரு ஊசிக் கம்பெனி, நீடில் இண்டஸ்ட்ரீஸ். உங்க அம்மாவோட தையல் டப்பாவுல 'போனி' ஊசி இருந்தா அது இவங்களோடதுதான். இந்தக் கம்பெனியோட சண்டை 1981 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டுல தீர்ப்பாச்சு. கம்பெனிச் சட்டம் படிக்கிற எல்லாரும் இன்னைக்கும் இந்தத் தீர்ப்பைப் படிச்சே ஆகணும். நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் அதுல வர்ற ஒரு கணக்கு.

கதை இதுதான். கம்பெனியில சுமார் 60 சதவீதம் ஒரு ஹோல்டிங் கம்பெனி கையில, அதுக்குப் பின்னாடி இங்கிலாந்துக்காரங்க. மீதி இந்தியப் பங்குதாரர்கள் கையில. 1973-ல ஃபெரா சட்டம் வருது, வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொல்றாங்க. ரிசர்வ் வங்கி கொடுத்த கெடு 1977 மே 17. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஏப்ரல் 6 அன்னைக்கு போர்டு கூடி 16,000 புது ஷேர் வெளியிட முடிவு பண்ணுது. இருக்கிற பங்குதாரர்களுக்கு அவங்கவங்க பங்கு விகிதப்படி, ஒரு ஷேர் 100 ரூபா. அதுதான் அச்சு விலை.

ஹோல்டிங் கம்பெனி தரப்புக்கும் ஆஃபர் லெட்டர் போகுது. லெட்டர்ல போட்டிருக்கிற தேதி ஏப்ரல் 14. கவர் மேல தபால் முத்திரையில இருக்கிற தேதி ஏப்ரல் 27. பர்மிங்ஹாமுக்குப் போய்ச் சேர்ந்தது மே 2. அதே மே 2 அன்னைக்கு இங்க போர்டு கூடி, 16,000 ஷேரையும் இந்தியப் பங்குதாரர்களுக்கே ஒதுக்கிடுச்சு. லெட்டரைப் பிரிச்சுப் படிக்கிற நேரத்துல ஆஃபரே முடிஞ்சுபோச்சு.

நம்ம பாஷையில சொன்னா, டாக்குமென்ட்டுல இருக்கிற தேதி ஒண்ணு, சர்வர் லாக்ல இருக்கிற தேதி இன்னொண்ணு. லெட்டர்ல இருக்கிறது எழுதினவர் போட்ட தேதி. கவர்ல இருக்கிறது தபாலாபீஸ் போட்ட தேதி, வழக்குல எந்தப் பக்கமும் சேராத மூணாம் ஆள் போட்டது. ஃபாரன்சிக் கணக்கோட அடிப்படையே இந்த வித்தியாசம்தான். சம்பந்தப்பட்டவன் எழுதின பதிவு தனி, சம்பந்தமே இல்லாதவன் எழுதின பதிவு தனி. ரெண்டும் எங்க இடிக்குதோ அங்கதான் தோண்டணும்.

வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுல தொடங்குச்சு. அங்க ஒரு நம்பர் வெளிய வந்துச்சு. அந்தச் சமயத்துல அந்த ஷேரோட உண்மையான மதிப்பு சுமார் 190 ரூபா. அப்போ 190 ரூபா பொருள் 100 ரூபாய்க்குப் போயிருக்கு. ஹோல்டிங் கம்பெனிக்கு விகிதப்படி வந்திருக்க வேண்டியது 9,495 ஷேர். ஷேருக்கு 90 ரூபான்னு போட்டா 8,54,550 ரூபா.

சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு? தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதின தீர்ப்பு அது. இதை ஒடுக்குமுறைன்னு சொல்ல முடியாது, ஷேர் ஒதுக்கினது செல்லும்னு சொல்லிட்டாங்க. ஏன்னா ஃபெரா கெடு இருக்கிறதால ஹோல்டிங் கம்பெனி அந்த ஷேரை வாங்கியிருக்கவே முடியாது. கம்பெனி பிரைவேட் தன்மையுள்ளது, அதனால அந்த உரிமையை வெளி ஆளுக்கு மாத்திக் கொடுக்கவும் முடியாது. சட்டப்படி பார்த்தா அவங்க பெருசா எதையும் இழக்கல. நான் படிக்கும்போது இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியல. இழப்பு இல்லாம இருக்கலாம், ஆனா எதிர்ப்பக்கத்துக்கு ஒரு லாபம் வந்திருக்குல்ல? 190 ரூபா பொருளை 100 ரூபாய்க்கு வாங்கினவங்க அந்த லாபத்தை வச்சுக்கக் கூடாது, அந்த 8,54,550 ரூபாயைக் கொடுத்துடுங்கன்னு உத்தரவு போட்டாங்க.

வழக்குல ஜெயிச்சவங்க இந்தியத் தரப்பு. பணம் கட்டினவங்களும் அவங்கதான். நடுவுல நின்னது 190-ங்கிற அந்த ஒரே நம்பர். அது 150-ஆ இருந்திருந்தா தொகை அஞ்சு லட்சத்தைத் தாண்டியிருக்காது. 100-ஆவே இருந்திருந்தா கைமாறுறதுக்கு ஒரு பைசா இல்ல.

சரி, அந்த மாதிரி நம்பர் எங்க இருந்து வருது? மார்க்கெட்ல விக்கிற கம்பெனின்னா ஃபோனைத் திறந்து விலை பார்க்கலாம். விக்காத கம்பெனிக்கு மூணு வழி இருக்கு. சொத்தை எல்லாம் கூட்டிக் கடனைக் கழிக்கிறது ஒண்ணு. இதே மாதிரி இன்னொரு தொழில் என்ன விலைக்குப் போச்சுன்னு பார்க்கிறது ஒண்ணு. இனிமே வரப்போற லாபத்தை இன்னைக்கு மதிப்புக்குக் கொண்டு வர்றது மூணாவது. பெரிய சண்டை பெரும்பாலும் மூணாவதுலதான் நடக்கும். ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க.

ஒரு தொழில் அடுத்த வருஷம் 20 லட்சம் லாபம் தரும். அதுக்கப்புறம் வருஷத்துக்கு 5 சதவீதம் வளரும். இந்த ரிஸ்க்குக்கு 15 சதவீத வருமானம் வேணும்னு முதலீட்டாளர் எதிர்பார்க்கிறார். 15-ல 5 போனா 10. இருபது லட்சத்தை 10 சதவீதத்தால வகுத்தா 2 கோடி. இப்ப ரிஸ்க் அதிகம்னு சொல்லி 15-ஐ 20 ஆக்குங்க. 1 கோடியே 33 லட்சம் ஆயிடும். 15-ஐ அப்படியே விட்டுட்டு வளர்ச்சியை 8 ஆக்குங்க. 2 கோடியே 86 லட்சம். கடை அதே, கல்லா அதே. எக்செல்ல ரெண்டு செல்லைத் தொட்டாச்சு, மதிப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஆடிருச்சு. வாங்குறவர் கூட்டிட்டு வர்ற நிபுணர் எந்த செல்லைத் தொடுவார், விக்கிறவரோட நிபுணர் எதைத் தொடுவார்னு நான் சொல்லத் தேவையில்ல.

இதோட பெரிய சைஸ் உதாரணம் டாடா - மிஸ்திரி வழக்கு. டாடா சன்ஸ்ல ஷபூர்ஜி பலோன்ஜி குழுமத்துக்கு 18.37 சதவீதப் பங்கு. அதோட மதிப்பு 1.75 லட்சம் கோடின்னு அவங்க சொன்னாங்க. 70,000-ல இருந்து 80,000 கோடிக்குள்ளன்னு டாடா தரப்பு சொல்லுச்சு. ஒரே பங்குதான், நடுவுல கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி வித்தியாசம். 2021 மார்ச் 26 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் வழக்கை டாடா பக்கம் முடிச்சுது, ஆனா அந்த மதிப்புக் கேள்விக்குள்ள இறங்கல. நீங்களே உங்க விதிமுறைப்படியோ சட்டப்படி வேற வழியிலயோ தீர்த்துக்கோங்கன்னு விட்டுட்டாங்க. பொதுவாவே நம்ம கோர்ட்டுகளோட பழக்கம் அது. 1994-ல டாம்கோவை ஹிந்துஸ்தான் லீவரோட இணைச்ச வழக்குலயும் இதே கதைதான். நிபுணர் போட்ட மதிப்புல பளிச்சுன்னு தப்பு தெரியாத வரைக்கும் நீதிபதி கால்குலேட்டரைக் கையில எடுக்கிறதில்ல.

சின்னப் பங்கு வச்சிருக்கிறவங்களுக்கு இதுல இன்னொரு அடி இருக்கு. உங்ககிட்ட 8 சதவீதம் இருக்குன்னு வைங்க. கம்பெனி மதிப்பு 100 கோடி. உங்க பங்கு 8 கோடியா? எதிர்த் தரப்பு இல்லன்னு சொல்வாங்க. 8 சதவீதத்தை வச்சு ஒரு தீர்மானத்தைக் கூட நிறைவேத்த முடியாது, வெளிய வாங்கவும் ஆள் வரமாட்டாங்க, அதனால தள்ளுபடி போட்டு 5 கோடி. இதுக்குப் பேர் மைனாரிட்டி டிஸ்கவுன்ட். என் கருத்தைக் கேட்டா, குடும்பத்துக்குள்ளயே ஒருத்தரை ஒதுக்கி வச்சுட்டு, 'நீ ஒதுங்கி இருக்கே, அதனால உன் பங்கு மலிவு'ன்னு சொல்றது அநியாயம். இங்கிலாந்து கோர்ட்டுகள் 1980-களிலேயே, பார்ட்னர்ஷிப் மாதிரி நடந்த கம்பெனியில ஒருத்தரை வெளிய தள்ளினா பொதுவா அந்தத் தள்ளுபடி கூடாதுன்னு சொல்லியிருக்கு.

சென்னையில நம்ம காலத்துல நடந்த ஒண்ணு முருகப்பா குழுமத்தோடது. எம்.வி. முருகப்பன் 2017-ல இறந்துட்டார். அவரோட மனைவி, ரெண்டு மகள்கள், இவங்ககிட்ட குழுமத்தோட ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ்ல 8.15 சதவீதம். மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் வெளிப்படையா கேட்டது ரெண்டுல ஒண்ணு: போர்டுல ஒரு இடம் கொடுங்க, இல்ல நியாயமான விலைக்கு எங்க பங்கை வாங்கிக்கோங்க. பங்குதாரர் கூட்டத்துல அவங்களுக்கு எதிரா ஓட்டு விழுந்துச்சு. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போச்சு. 2023 ஆகஸ்ட்ல சமரசம்னு அறிவிச்சாங்க. ஒரு பொண்ணு போர்டுல உட்காரலாமாங்கிற விவாதம்தான் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. அது முக்கியமான விவாதம்தான். அந்தக் கோரிக்கையோட அடுத்த பாதியில 'நியாயமான விலை'ன்னு ரெண்டு வார்த்தை இருந்ததை யாரும் அவ்வளவா பேசல.

இதுவரைக்கும் பேசினது எல்லாம், புத்தகத்துல இருக்கிற கணக்கு உண்மைங்கிற நம்பிக்கையில. புத்தகமே பொய்யா இருந்தா?

அதுக்கு நம்ம துறையிலேயே பெரிய கதை இருக்கு. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7. நான் அப்ப ஸ்கூல். ஐடில வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன்களோட முகம் மட்டும் ஞாபகம் இருக்கு. சேர்மன் ராமலிங்க ராஜு போர்டுக்கு ஒரு லெட்டர் எழுதினார். கணக்குல காட்டின பேங்க் இருப்பு 5,361 கோடி, அதுல 5,040 கோடி இல்லவே இல்ல. வரவேண்டிய வட்டின்னு காட்டின 376 கோடி இல்ல. காட்டாம விட்ட கடன் 1,230 கோடி. கஸ்டமர்கிட்ட இருந்து வரவேண்டிய பாக்கின்னு காட்டினதுல 490 கோடி அதிகம். மொத்தம் 7,136 கோடி. முந்தின செப்டம்பர் காலாண்டுல 24 சதவீத லாப விகிதம் காட்டியிருந்தாங்க. நிஜம் 3 சதவீதம். முந்தின நாள் 179 ரூபா சுமாருக்கு இருந்த ஷேர், அன்னைக்கு 40 ரூபா சுமாருக்கு வந்து நின்னுச்சு.

லெட்டர் வந்தது ஒப்புதல். எப்படிச் செஞ்சாங்கன்னு அதுல இல்ல. அதைக் கண்டுபிடிச்சது சி.பி.ஐ.யோட ஃபாரன்சிக் வேலை. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா கேளுங்க, டெவலப்பர்களுக்குப் புல்லரிக்கும்.

சத்யத்துல இன்வாய்ஸ் போடுறதுக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு சிஸ்டம். ப்ராஜெக்ட் விவரம், ஆட்கள் வேலை செஞ்ச நேரம், பில்லிங், இதெல்லாம் வரிசையா வந்து கடைசியா இன்வாய்ஸ் ஆகும். நடுவுல அவசரத்துக்குன்னு ஒரு கதவு வச்சிருந்தாங்க. எக்செல்ல இருந்து நேரா இன்வாய்ஸை ஏத்தலாம். எந்த சிஸ்டத்துலதான் அப்படி ஒரு கதவு இல்ல, சொல்லுங்க? சூப்பர் யூசர் லாகின்ல அந்த வழியா பொய் இன்வாய்ஸ்களை ஏத்தினாங்க. ஆனா ஒரு பிரச்சினை. அந்த ப்ராஜெக்ட்டை நடத்துற டீம் சிஸ்டத்தைத் திறந்தா, 'இந்த பில்லை நாங்க போடலையே'ன்னு கேட்பாங்க. அதனால ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் எழுத்து. 'எஸ்'னா தெரியும். 'ஹெச்'னா மறைஞ்சிடும். ஃபைனான்ஸ் கணக்குல வருமானமா ஏறும், பிசினஸ் டீம் கண்ணுல படாது. ஒரே ஒரு கேரக்டர் காலம்.

சிஸ்டத்தோட பேச்சை அப்படியே நம்பாம, மறைச்சது மறைக்காதது எல்லாத்தையும் வெளிய எடுத்துப் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப 7,561 பொய் இன்வாய்ஸ் வந்துச்சு. மதிப்பு 5,117 கோடி. நம்ம ஆளுங்க யாராவது எழுதியிருந்தா ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணி, ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லாததை எடுக்கிற குவெரி. அவ்வளவுதான்.

பொய் இன்வாய்ஸோட கதை அங்க நிக்காது. இன்வாய்ஸ் போட்டா பாக்கி நிக்கும். பாக்கி வருஷக்கணக்கா நின்னா ஆடிட்டர் கேட்பார். அதனால பணம் வந்ததா எழுதணும். வந்த பணம் பேங்க்ல இருக்கணும், அதனால பொய் பேங்க் ஸ்டேட்மென்ட், பொய் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது. டெபாசிட் இருந்தா வட்டி வரணும். மேல சொன்ன 376 கோடி அப்படிப் பொறந்த பேரப்பிள்ளை. இந்தச் சங்கிலியில மூணாம் ஆள் ஒருத்தர் இருக்கார், பேங்க். இருப்பு எவ்வளவுன்னு கம்பெனி கையால வர்ற காகிதத்தை நம்பாம, பேங்க்கிட்ட நேரா கேட்டு நேரா பதில் வாங்கியிருந்தா அங்கேயே அறுந்திருக்கும். கேத்தி கவர் மேல இருந்த தபால் முத்திரை மாதிரி.

2015 ஏப்ரல் 9-ல ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட பத்துப் பேருக்கு ஏழு வருஷத் தண்டனை கொடுத்துச்சு. அடுத்த மாசமே மேல்முறையீட்டுல தண்டனையை நிறுத்தி வச்சு ஜாமீன் கொடுத்தாங்க. எனக்கு இதைவிட சுவாரஸ்யமா பட்டது 2009 ஏப்ரல் 13 அன்னைக்கு நடந்த ஏலம். அரசாங்கம் நியமிச்ச புது போர்டு கம்பெனியை வித்தாகணும். உண்மைக் கணக்கு அப்ப யார் கையிலயும் இல்ல, திருத்தின கணக்கு 2010 செப்டம்பர்லதான் வந்துச்சு. மூணு பேர் விலை கேட்டாங்க. டெக் மஹிந்திரா ஷேருக்கு 58 ரூபா. எல் அண்ட் டி 45 ரூபா 90 பைசா. அமெரிக்காவோட வில்பர் ராஸ் 20 ரூபா. மூணு பேரும் கெட்டிக்காரங்கதான். புத்தகம் நம்ப முடியாததா இருந்தா, மதிப்புங்கிறது தைரியத்துக்குப் போடுற விலையா மாறிடுது.

இந்த இடத்துல எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு. மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. கோயிலுக்குப் பழையனூரை ராஜேந்திர சோழன் கொடையா கொடுத்த செப்பேடு அந்த ஊர்ல கிடைச்சது. 31 ஏடு. எல்லா ஏட்டையும் ஒரு வளையத்துல கோத்து, வளையத்தோட வாயை அரச முத்திரையால மூடியிருக்காங்க. நடுவுல புதுசா ஒரு ஏட்டைச் செருகணும்னாலோ ஒண்ணை உருவணும்னாலோ முத்திரையை உடைக்கணும். உடைச்சா தெரிஞ்சுடும். நாம இப்ப ஹாஷ்னு சொல்றதைச் செம்புல பண்ணி வச்சிருக்காங்க.

ஹாஷ்னு சும்மா உவமைக்குச் சொல்லல. 2024 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதாவது புது சாட்சியச் சட்டம், 63-வது பிரிவு. எலக்ட்ரானிக் பதிவைக் கோர்ட்டுல கொடுக்கும்போது ஒரு சான்றிதழ் சேர்க்கணும், அதுல அந்த ஃபைலோட ஹாஷ் மதிப்பை எழுதணும். எஸ்.ஹெச்.ஏ. 256-ஆ வேற ஒண்ணான்னு டிக் அடிக்கக் கட்டமே இருக்கு. நிபுணர் கையெழுத்துக்குத் தனிப் பகுதி. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் போட்டு நீட்டினா வேலைக்கு ஆகாது. அதே மாதிரி 2023 ஏப்ரல் 1-ல இருந்து கம்பெனிகள் பயன்படுத்துற அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்ல ஆடிட் டிரெயில் கட்டாயம். யார், எப்ப, எதை மாத்தினாங்கன்னு பதிவாகணும், அதை ஆஃப் பண்ண வசதி இருக்கக் கூடாது. பார்ட்னர்ஷிப் கடைகளுக்கு இந்த விதி இல்ல. எங்க ஏரியாவுல சண்டை வர்றது எல்லாம் அங்கதான்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை பக்கம் வந்தீங்கன்னா தறிச் சத்தம் கேட்கும். லுங்கி ஓட்டுற விசைத்தறி. பாதி இடத்துல அண்ணன் தம்பி பார்ட்னர்ஷிப். ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன், நம்பர் எல்லாம் நான் போட்டது. அண்ணன் தம்பி ரெண்டு பேர், பதினாறு தறி, பாதிப் பாதி. அண்ணன் மாரடைப்புல போயிடுறார். காரியம் எல்லாம் முடிஞ்சதும் தம்பி வந்து, "அண்ணி, கணக்குல அண்ணன் பேர்ல 6 லட்சம் நிக்குது, ஆடிட்டரே எழுதிக் கொடுத்திருக்கார், பாருங்க" அப்படிங்கிறார். அவங்களுக்கு என்ன தெரியும்? "நீ பார்த்துச் செய் தம்பி"ன்னு சொல்லிடுவாங்க.

தம்பி பொய் சொல்லல. புத்தகத்துல 6 லட்சம்தான். ஆனா அந்தப் புத்தகத்துல ஷெட் இருக்கிற இடம் 1996-ல வாங்கின விலையில நிக்குது, 80,000 ரூபா. இன்னைக்கு அது 40 லட்சம் போகும். தறி எல்லாம் தேய்மானம் கழிச்சுக் கழிச்சு இரும்பு விலைக்கும் கீழ வந்திருக்கும். வியாபாரிங்க வச்சிருக்கிற பாக்கி, இத்தனை வருஷமா சரக்கு வாங்குற பார்ட்டிங்க, கடையோட பேர், இதுல பாதி அந்தப் பக்கத்துலயே இல்ல. கேபிடல் அக்கவுன்ட்ல நிக்கிற தொகை வேற, பங்கோட மதிப்பு வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நம்புறதாலதான் நிறைய குடும்பத்துல வழக்கே இல்லாம விஷயம் முடிஞ்சுடுது.

சட்டம் அந்த அண்ணிக்கு என்ன கொடுக்குது? ரெண்டே பேர் இருக்கிற பார்ட்னர்ஷிப்ல ஒருத்தர் இறந்தா அது அன்னைக்கே கலைஞ்சுடும். கணக்குத் தீர்க்காம இருக்கிறவர் அதே தறியை வச்சுத் தொழிலைத் தொடர்ந்தா, 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 37-வது பிரிவுப்படி, இறந்தவர் பக்கம் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பங்கைப் பயன்படுத்தி வந்த லாபத்துல பங்கு, இல்ல அந்தப் பங்குத் தொகைக்கு வருஷத்துக்கு 6 சதவீத வட்டி. எது அதிகம்னு தெரியணும்னா லாபம் எவ்வளவுன்னு தெரியணும். கணக்கு கேட்டு வழக்குப் போட, பார்ட்னர்ஷிப் கலைஞ்ச தேதியில இருந்து மூணு வருஷம்தான். துக்கம், வருஷாப்தம், 'சொந்தத்துக்குள்ள கோர்ட்டா'ன்னு தயக்கம், இதுலயே அந்த மூணு வருஷம் போயிடும்.

வழக்குப் போட்டா கோர்ட் முதல்ல பங்கு யாருக்கு எவ்வளவுன்னு முதல்நிலை டிக்ரி கொடுக்கும். அப்புறம் கணக்கைப் பார்க்க ஒரு கமிஷனரை நியமிக்கலாம், சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 26-ல அதுக்கு வழி இருக்கு. ஃபாரன்சிக் அக்கவுன்டன்ட்ங்கிற பேர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம கோர்ட்டுகள்ல அந்த வேலை இருந்திருக்குங்கிறது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. அவர் என்ன பார்ப்பார்? நூல் எவ்வளவு வாங்கினாங்க, அத்தனை நூலுக்கு எத்தனை லுங்கி வரணும், பில்லுல எத்தனை இருக்கு. ஈ.பி. மீட்டர் எத்தனை யூனிட் ஓடியிருக்கு, அத்தனை யூனிட்டுக்குத் தறி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கணும். வாங்கினவங்களோட ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல இந்தக் கடை பேர் எத்தனை தடவை வருது. இ-வே பில். பேங்க் ஸ்டேட்மென்ட். எல்லாமே தம்பி கைபடாத பதிவு.

ஒரு கசப்பான விஷயமும் இருக்கு. அண்ணன் உயிரோட இருந்தப்ப ரெண்டு பேருமே சேர்ந்துதான் பில் இல்லாம பாதிச் சரக்கை வித்திருப்பாங்க. வருமான வரிக்குக் காட்டின லாபம் வருஷம் 4 லட்சம், அதுல அண்ணனோட கையெழுத்தும் இருக்கும். இப்ப அவரோட மனைவி, உண்மை லாபம் 20 லட்சம்னு எப்படி நிரூபிப்பாங்க? எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ரிட்டர்னை எடுத்து, 'இது உங்க வீட்டுக்காரர் போட்ட கையெழுத்துதானே'ன்னு கேட்பார். வரியில மிச்சம் பிடிச்ச பணத்தோட பில் கடைசியில அவர் குடும்பத்துக்கு வருது.

நிபுணர் வந்து சொல்றது எல்லாமே கடைசியில ஒரு கருத்துதான். நீதிபதி ஏத்துக்கலாம், தள்ளலாம். யார் குத்தவாளின்னு ஃபாரன்சிக் ரிப்போர்ட் தீர்ப்பு சொல்லக் கூடாது. இந்தப் பணம் இந்த வழியா இங்க போச்சுன்னு காட்டுறதோட அது நின்னுடணும். வாட்ஸ்அப்ல ஃபார்வேர்டு ஆகிற 'ஃபாரன்சிக் ரிப்போர்ட்'கள்ல முதல் பக்கத்துலேயே 'திருடன்'னு இருந்தா எனக்குச் சந்தேகம் வந்துடும்.

ஸ்டார்ட்அப் கோஃபவுண்டர்கள், இஎஸ்ஓபி வச்சிருக்கிறவங்க: உங்க ஒப்பந்தத்துல வெளிய போற அன்னைக்கு மதிப்பு எந்தத் தேதிக்கு, எந்த முறையில, யார் போடுறதுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. 'ஃபேர் வேல்யூ'ன்னு ரெண்டு வார்த்தை மட்டும் இருந்தா, மேல சொன்ன எக்செல் விளையாட்டு உங்களை வச்சுத்தான் நடக்கும். மைனாரிட்டி டிஸ்கவுன்ட் உண்டா இல்லையாங்கிறதை நல்லா பேசிட்டிருக்கிற காலத்துலயே எழுதி வாங்கிடுங்க. வீட்டுல பார்ட்னர்ஷிப் தொழில் இருந்தா, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட பார்ட்னர்ஷிப் டீடு எங்க இருக்குன்னு கேளுங்க. எங்க ஏரியாவுல பத்துப் பேர்கிட்ட கேட்டேன். நாலு பேர், "ஆடிட்டர்கிட்ட இருக்கும்டா"ன்னாங்க. ரெண்டு பேர், டீடு முப்பது வருஷம் பழசு, அதுல கையெழுத்துப் போட்ட பாதிப் பேர் இப்ப இல்லன்னாங்க. மீதி நாலு பேர் சிரிச்சாங்க.

அடுத்த எபிசோட்ல ஈ.பி. மீட்டர் டேட்டாவை வச்சு ஒரு தறி எவ்வளவு ஓடியிருக்கும்னு கணக்குப் போடுறதை, கோடு எழுதியே செஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன். உங்க வீட்டு ஈ.பி. கார்டுல பழைய ரீடிங் இருந்தா, பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு அனுப்புங்க.